ஆன்லைன் மாத்திரை: தள்ளுபடி எங்கிருந்து வருகிறது, சரக்கை நம்பலாமா?

கோவை_கதிர் | 6 அக்டோபர் 2025, காலை 9.12
நேரடியாவே கேக்குறேன். கடைக்காரர் 10 சதவீதம் கொடுக்கவே மூக்கால அழறாரு. ஆப்ல 20, 22ன்னு போடுறான், கூப்பன் தனி. சரக்கு டூப்ளிகேட்டா இருந்தாத்தான் இது கட்டுப்படியாகும். இல்லைங்கறவங்க கணக்குப் போட்டுக் காட்டுங்க.

மொத்தக்கடை_திருச்சி | 6 அக்டோபர், காலை 11.40
கணக்கு இதோ. விலைக் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு பிராண்டு, எம்ஆர்பி 100 ரூபாய். அதிலுள்ள 5% ஜிஎஸ்டியைக் கழித்தால் 95.24. வழக்கப்படி சில்லறைக் கடைக்கு 20% போனால் 76.19. அதில் மொத்த வியாபாரிக்கு 10% போனால் 68.57. கம்பெனியிலிருந்து சரக்கு வெளியே வரும் விலை இதுதான்.

இப்போது 20% தள்ளுபடியில் 80 ரூபாய்க்கு விற்றால் வரி போக நிற்பது 76.19. தெருக்கடைக்காரருக்கு அது வாங்கின விலை. ஒரு பைசா மிஞ்சாது. அழுகைக்குக் காரணம் அதுதான். மொத்தமும் சில்லறையும் ஒரே குழுமத்தின் கையில் இருந்தால் 68.57க்கு எடுத்து 76.19க்குத் தள்ளுகிறார்கள், 7.62 மிச்சம். 22% என்றால் 5.72. அந்தக் காசில் அட்டைப்பெட்டியும் டெலிவரிப் பையனின் பெட்ரோலும் அடங்காது. பத்து ஸ்ட்ரிப் எடுத்தால் ஒன்று இலவசம் மாதிரி ஸ்கீம்கள் கொஞ்சம் ஈடுகட்டும், மீதி முதலீட்டாளர் பணம். சரக்கு போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறை லாபம் 16%, மொத்தத்துக்கு 8%. அதிலும் 22% கொடுக்கிறார்கள் என்றால் வாடிக்கையாளரைப் பிடிக்க நஷ்டத்துக்கு விற்கிறார்கள் என்று அர்த்தம்.

கல்லாப்பெட்டி | 6 அக்டோபர், மாலை 4.05
அண்ணன் சொன்னது பெரிய கம்பெனி பிராண்டுக்கு. டிரேட் ஜெனரிக், அதாவது டாக்டர்கிட்ட விளம்பரம் பண்ணாம நேரா கடைக்கே தள்ளுற சரக்கு, கதை வேற. அதுல எம்ஆர்பி 100ன்னு அச்சடிச்சிருக்கும், கடைக்கு வர்ற விலை கால்வாசிகூட இருக்காது. "60% வரை தள்ளுபடி"ன்னு போர்டு மாட்டுன தெருக்கடைங்க ஓடுறது அதுலதான். ஆப்காரனும் சொந்தப் பேருல அதே மாதிரி சரக்கு இறக்கிட்டான். தள்ளுபடி அளவை வெச்சு ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கமும்.

வாணி_ஃபார்ம்டி | 7 அக்டோபர், காலை 8.30
விலை பற்றி இன்னொன்று, எல்லாருக்கும் உதவும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12%லிருந்து 5% ஆகிவிட்டது. பழைய சரக்கில் புது ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயமில்லை. ஆனால் விற்கும் விலை புது விலைப்பட்டியலைத் தாண்டக் கூடாது. ஸ்ட்ரிப்பில் 112 என்று அச்சாகியிருந்தால் இப்போது அதிகபட்சம் 105.

ஆப்பில் 112ஐக் குறுக்கே அடித்து "20% தள்ளுபடி, 89.60" என்று காட்டினால், 105இலிருந்து பார்க்கும்போது அது வெறும் 14.7%. மீதி அரசாங்கம் குறைத்த வரி. சதவீதத்தை மறந்துவிட்டு ஒரு மாத்திரைக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். ஒரே மருந்து 10 மாத்திரை ஸ்ட்ரிப்பிலும் 15 மாத்திரை ஸ்ட்ரிப்பிலும் வருவதால் ஸ்ட்ரிப் விலையை ஒப்பிடுவதும் ஏமாற்றும். உச்சவரம்பு விலை தெரிய, மருந்து விலையைக் கட்டுப்படுத்தும் மத்திய ஆணையமான என்பிபிஏவின் 'ஃபார்மா சஹி தாம்' செயலி போதும்.

கோவை_கதிர் | 7 அக்டோபர், காலை 10.02
சரி, கணக்கை ஒத்துக்கறேன். ஆனா கோர்ட்டே ஆன்லைன் மருந்துக்குத் தடை போட்டிருக்கே. தடை போட்டதை வாங்கறது தப்பில்லையா?

மயிலை_மனு | 7 அக்டோபர், பிற்பகல் 1.15
தடை போட்டது உண்மை, ஆனால் அது நிலைக்கவில்லை. வரிசையாகச் சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் 28இல் மத்திய அரசு இ-ஃபார்மசிக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. செப்டம்பர் 28 அன்று அகில இந்திய மருந்து வணிகர் அமைப்பு நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தியது. டிசம்பரில் தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகள் இறுதியாகும்வரை விற்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். 2019 ஜனவரி தொடக்கத்திலேயே இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. வரைவு இன்னும் வரைவாகவே கிடக்கிறது. 2023 பிப்ரவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் (டிசிஜிஐ) பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

ஆக இன்றைக்கு 'ஆன்லைன் மருந்துக்கடை உரிமம்' என்று தனியாக ஒன்று கிடையாது. 1945 மருந்து விதிகளின்படி படிவம் 20, 21இல் உரிமம் பெற்ற ஒரு கடைதான் விற்க முடியும். செயலி என்பது ஆர்டர் பிடிக்கும் கவுன்ட்டர். பார்சலில் வரும் பில்லைப் பாருங்கள்: செயலியின் பெயருக்குக் கீழே நீங்கள் கேள்விப்படாத ஒரு கடையின் பெயரும், முகவரியும், டி.எல். எண்ணும் (மருந்து உரிம எண்) இருக்கும். உங்களுக்கு விற்றவர் அவர்தான். அது இல்லாத பில் வந்தால் பார்சலைத் திருப்பிவிடுங்கள்.

கல்லாப்பெட்டி | 7 அக்டோபர், இரவு 10.48
மனு சார், 2020 மார்ச் 26 அறிவிக்கையை விட்டுட்டீங்க. ஊரடங்கப்போ வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்னு வந்தது. அதுல உரிமக்காரர் இருக்குற அதே வருவாய் மாவட்டத்துக்குள்ளதான் கொடுக்கணும். எச்1, எக்ஸ்னு கூடுதல் கட்டுப்பாடு போட்ட பட்டியல் மருந்து, போதை மருந்து எதுவும் கூடாது. சீட்டு எழுதுன தேதியிலேருந்து நாள்பட்ட நோய்க்கு 30 நாள், திடீர் நோய்க்கு 7 நாள்தான் சீட்டு செல்லும். திருநெல்வேலிக்காரருக்கு பெங்களூரு கிடங்கிலேருந்து வர்ற பார்சல் இந்தக் கணக்குல எங்க சேரும்? சங்கத்துக்காரங்க அதை வாபஸ் வாங்கச் சொல்லிக் கத்துறது இதனாலதான்.

மயிலை_மனு | 8 அக்டோபர், காலை 7.20
அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே அறிவிக்கையைத்தான் நீட்டுகிறார்கள். வாங்குபவருக்கு இதில் பயன்படுவது ஒன்று: பில்லில் உள்ள கடை உங்கள் மாவட்டத்திலோ பக்கத்திலோ இருந்தால் நல்லது. தகராறு என்றால் எந்த மருந்து ஆய்வாளரின் எல்லை என்பதில் குழப்பம் இருக்காது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் உண்டு, தலைமையகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகம். பணம், ரீஃபண்டு தகராறு அவர்கள் வேலை இல்லை. அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915.

நைட்ஷிப்ட் | 9 அக்டோபர், அதிகாலை 2.33
டாக்டர் சீட்டு மேட்டர் பேசுங்க. சீட்டு இல்லன்னு டிக் பண்ணா ஒரு டாக்டர் போன் பண்றாரு, "என்ன பிரச்சனை, எத்தனை நாளா", நாப்பது செகண்ட், சீட்டு ரெடி. அசித்ரோமைசினே வந்துருது. அது எச்1 மருந்தில்லையா?

வாணி_ஃபார்ம்டி | 9 அக்டோபர், காலை 9.05
அசித்ரோமைசின் எச்1 இல்லை, ஷெட்யூல் எச். எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், லீவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள், டிரமடால், கோடீன், அல்பிரசோலம், சோல்பிடெம் எல்லாம் அதில் வரும். எச் என்றாலும் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எச்1 என்றால் கூடுதலாகத் தனிப் பதிவேட்டில் நோயாளி, மருத்துவர், மருந்து, அளவு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். இடது மூலையில் ஆர்எக்ஸ் (Rx) மட்டும் என்றால் எச். ஆர்எக்ஸோடு எச்சரிக்கையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் இருந்தால் எச்1. என்ஆர்எக்ஸ் என்றால் போதை மருந்துச் சட்டமும் சேரும். எக்ஸ்ஆர்எக்ஸ் என்றால் ஷெட்யூல் எக்ஸ், சீட்டு இரண்டு பிரதி, ஒன்று கடையில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும்.

போன் டாக்டர் விஷயம்: 2020 மார்ச் 25 டெலிமெடிசின் வழிகாட்டுதல் மருந்துகளை ஓ, ஏ, பி என்று பிரிக்கிறது. முதல் முறை பேசும்போது வெறும் குரல் அழைப்பில் ஓ பட்டியல் (சாதாரணக் காய்ச்சல், இருமல் மருந்துகள்) தான் எழுதலாம். ஏ பட்டியலுக்கு வீடியோவில் நோயாளியைப் பார்க்க வேண்டும். பி என்பது ஏற்கெனவே பார்த்த நோய்க்குக் கூடுதல் மருந்து. ஷெட்யூல் எக்ஸ், போதை மருந்து எதிலும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவருக்கு நாற்பது செகண்ட் போனில் ஆன்டிபயாடிக் எழுதுவது இதில் எந்தப் பெட்டியிலும் உட்காராது.

கல்லாப்பெட்டி | 9 அக்டோபர், காலை 9.31
தெருக்கடையில அந்த நாப்பது செகண்டும் கிடையாதேன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். கவுன்ட்டர்ல நிக்கற பையன் "எத்தனை நாளைக்கு?"ன்னு மட்டும் கேப்பான்.

நைட்ஷிப்ட் | 9 அக்டோபர், காலை 9.40
சில்லறைக்கு ஹால்ஸ் கொடுக்கறதையும் சொல்லுங்க.

கல்லாப்பெட்டி | 9 அக்டோபர், காலை 9.44
ஆப்காரன் இலவச டெலிவரிக்கு 37 ரூபா குறையுதுன்னு வைட்டமின் ஜெல்லியைக் கூடையில தள்ளி விடுறானே, அதுக்கு ஹால்ஸ் தேவலை.

வாணி_ஃபார்ம்டி | 12 அக்டோபர், மாலை 6.10
இன்சுலின் பற்றித் தனிச்செய்தியில் பலர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். ஆன்லைன் தவறுகளில் உயிருக்கு ஆபத்தானது போலி மருந்து என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அதைவிட நடக்க வாய்ப்புள்ளது ஊசி மாறிப்போவது.

இந்தியாவில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. கடையில் பாட்டிலைக் காட்டினால் பொருத்தமான சிரிஞ்சை எடுத்துக் கொடுப்பார்கள். செயலியில் இன்சுலின் ஒரு பக்கம், சிரிஞ்ச் இன்னொரு பக்கம், விலை குறைவாக இருப்பதைத் தட்டிவிடுகிறார்கள்.

10 யூனிட் போட வேண்டியவர் 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 0.1 மில்லி, அதாவது 4 யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். "மருந்து டூப்ளிகேட்" என்று முடிவு கட்டுவார்கள். தலைகீழாக, 100 பாட்டிலிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் 0.25 மில்லி, 25 யூனிட். தாழ்சர்க்கரையில் மயக்கம் போட்டு விழ அது போதும். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு பார்சலுக்கும் பார்க்க வேண்டும்.

மொத்தக்கடை_திருச்சி | 12 அக்டோபர், இரவு 8.00
குளிர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எங்கள் கிடங்கிலிருந்து கடை வரைக்கும் 2 முதல் 8 டிகிரி காப்பாற்றுகிறோம். கடைசி ஐந்து கிலோமீட்டர்தான் தகராறு.

வாணி_ஃபார்ம்டி | 12 அக்டோபர், இரவு 9.25
ஆமாம், இரண்டு பக்கமும் கெடும். வெயில் எல்லாருக்கும் தெரியும். உறைந்து போவது தெரியாது: ஃப்ரீசரிலிருந்து அப்படியே எடுத்த ஜெல் பேக் இன்சுலின் அட்டையை நேராகத் தொட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் உறையும். உறைந்து உருகிய இன்சுலினை எறிய வேண்டியதுதான், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும். நடுவில் ஒரு தெர்மோகோல் தகடோ அட்டையோ இருக்க வேண்டும்.

காலை நேர டெலிவரி கேளுங்கள், வந்தவர் நிற்கும்போதே பிரியுங்கள். ஜெல் பேக் முழுக்கத் தண்ணீராகிச் சூடாக இருந்தால் வாங்காதீர்கள், குளிர்சாதனப் பொருளைப் பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள். ரெகுலர் இன்சுலின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். என்பிஎச், மிக்ஸ்டு வகை கலங்கலாகத்தான் இருக்கும்; உள்ளங்கையில் உருட்டினால் சீராகக் கலக்க வேண்டும். திப்பி திப்பியாக மிதந்தாலோ கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தாலோ வேண்டாம். திறந்தபின் பெரும்பாலானவை 28 நாள்.

கண் அழுத்தத்துக்கான லேட்டனோபிராஸ்ட் சொட்டும் திறக்கும் வரை 2 முதல் 8தான். அதைச் சாதாரணக் கவரில் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு ஆசனவாயில் வைக்கும் காய்ச்சல் சப்போசிட்டரி உடம்புச் சூட்டில் உருக வேண்டியது. மே மாத மதியத்தில் டெலிவரிப் பெட்டிக்குள்ளேயே உருகிவிடும்.

கோவை_கதிர் | 17 அக்டோபர், காலை 8.50
குழந்தைங்க செத்துப்போன இருமல் மருந்து சமாச்சாரம் பாத்தீங்களா? இதுக்கப்புறமும் யார் என்னன்னு தெரியாத ஆள்கிட்ட வாங்கலாமா?

மயிலை_மனு | 17 அக்டோபர், காலை 11.00
கதிர், அது உங்கள் பக்க வாதத்துக்கு உதவாது. கோல்ட்ரிஃப் என்ற அந்த இருமல் மருந்து செய்யப்பட்டது காஞ்சிபுரம் மாவட்டத்தில், உரிமம் பெற்ற தொழிற்சாலையில். மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதி, மருந்துக்கடையில் கொடுத்தது. எஸ்ஆர்-13 பேட்சில் தமிழ்நாடு ஆய்வகம் கண்ட நச்சு ரசாயனமான டைஎத்திலீன் கிளைக்கால் 48.6%; அனுமதி 0.1%. சீட்டும் கடையும் இருந்தும் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள்.

ஆன்லைனோ கடையோ, அன்றைக்குத் தேவைப்பட்டது பேட்ச் எண். "நம் வீட்டில் இருப்பது எஸ்ஆர்-13ஆ?" என்று பார்க்க பாட்டிலோ பில்லோ வேண்டும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமற்ற மருந்துகளின் பட்டியலை மாதா மாதம் பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. பில் இல்லாமல் வாங்கினவருக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

கல்லாப்பெட்டி | 17 அக்டோபர், பிற்பகல் 3.20
இதுல நம்ம கடைக்காரங்களுக்குத்தான் குட்டு. நாலு மாத்திரைக்கு ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோலால நறுக்கிக் கொடுக்கறப்ப பேட்ச், எக்ஸ்பைரி இருக்கற முனை கடையிலேயே நின்னுடும். பில்லும் கிடையாது. ஆப்ல முழு ஸ்ட்ரிப்பு, பேட்ச் நம்பர் போட்ட பில்லு மெயில்லயே கிடக்கும். இந்த ஒரு விஷயத்துல அவன் ஜெயிச்சான். முனையை வாங்கறவருக்குக் கொடுத்துட்டு எதிர்முனையிலேருந்து நறுக்கினா இன்னும் நல்லது, ஆனா மிச்சம் நமக்குச் செல்லாது. அதான் யாரும் செய்யறதில்ல.

நைட்ஷிப்ட் | 18 அக்டோபர், அதிகாலை 1.10
க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா ஒரிஜினலான்னு தெரியும்ங்கறாங்களே?

மொத்தக்கடை_திருச்சி | 18 அக்டோபர், காலை 7.45
2023 ஆகஸ்ட் 1க்குப் பிறகு தயாரான சரக்கில், குறிப்பிட்ட 300 பிராண்டுகளுக்கு மட்டும் கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச், தேதிகள், உரிம எண் வரும். அதை ஸ்ட்ரிப்பில் அச்சான பேட்ச், எக்ஸ்பைரியோடு ஒப்பிடுங்கள். போலிக்காரன் ஒரு நிஜ ஸ்ட்ரிப்பின் கோடையே ஆயிரம் முறை அச்சடிக்கலாம், ஆகவே பொருந்தினால் மட்டும் முழு நிம்மதி கிடையாது. பொருந்தாவிட்டால் நிச்சயம் சந்தேகம்.

எக்ஸ்பைரி பற்றி: மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள்வரை செல்லும். மூன்று மாத மாத்திரை ஆர்டர் போட்டு, இரண்டு மாத எக்ஸ்பைரியில் சரக்கு வந்தால் அன்றே திருப்புங்கள். ஒரு ஸ்ட்ரிப்பை வெட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

வாணி_ஃபார்ம்டி | 23 அக்டோபர், காலை 10.15
வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு ஆர்டர் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மாதாந்திர ரீஃபில் வசதிதான் இங்கே மாட்டுகிற இடம். மருத்துவர் பிரஷர் மாத்திரை டெல்மா 40ஐ டெல்மா எச் என்று மாற்றியிருப்பார். துபாயில் இருக்கிற மகனின் செயலியில் பழைய ஆர்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா இரண்டையும் விழுங்குவார், இரண்டும் வேறு வேறு டப்பா என்பதால். ஒவ்வொரு செக்அப்புக்குப் பிறகும் ரீஃபிலை ரத்து செய்துவிட்டுப் புதுச் சீட்டைப் பார்த்து மறுபடி போட வேண்டும்.

பெயருக்குப் பின்னால் வரும் வால் முக்கியம். டெல்மா எச்சில் டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைட், ஏஎம்மில் ஆம்லோடிபின். மெட்ஃபார்மின் 500ம் மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500ம் ஒன்றல்ல. மருந்தை மெதுவாக வெளியிடும் எஸ்ஆர், எக்ஸ்எல் வகையை நசுக்கிக் கொடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரையான தைராக்சின் 25, 125 தேடல் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அதில் பிராண்டு மாறினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். வலிப்பு மருந்து ஃபெனிடாயின், ரத்தம் உறையாமைக்கான வார்ஃபாரின் இரண்டிலும் "இதே மூலக்கூறு, 40% விலை குறைவு" என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். அந்தப் பொத்தானுக்குச் சட்டத்திலும் இடமில்லை. ஷெட்யூல் எச் சீட்டில் எழுதியதற்குப் பதில் வேறு பிராண்டு கொடுப்பதை விதி 65(11ஏ) தடுக்கிறது. விலைதான் பிரச்சினை என்றால் மருத்துவரையே மூலக்கூறு பெயரில் எழுதச் சொல்லி, ஜன் ஔஷதியிலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம்.

கல்லாப்பெட்டி | 23 அக்டோபர், காலை 10.50
விதி 65(11ஏ)வை எங்க கடைத்தெருவுல படிச்சுக் காட்டினா பாதிப் பேரு கடையைச் சாத்தணும் மேடம்.

கோவை_கதிர் | 28 அக்டோபர், இரவு 9.30
இதுவரை படிச்சதுல நான் எடுத்துக்கிட்டது: மாசாமாசம் போற பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரை ஆப்ல. இன்சுலின் பக்கத்துக் கடையில, நடந்து போய் ஐஸ் பையில. காய்ச்சல், தொண்டைன்னா டாக்டரைப் பாத்துட்டு அன்னிக்கே கடையில. சரியா?

வாணி_ஃபார்ம்டி | 28 அக்டோபர், இரவு 10.05
சரி. நெஞ்சுவலிக்காரருக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இரண்டும் வீட்டில் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பத்து நிமிட டெலிவரியை நம்பி இவற்றைத் தீர விடக் கூடாது.

நைட்ஷிப்ட் | 2 நவம்பர், அதிகாலை 3.02
முழு ஸ்ட்ரிப்புதான் தருவான்னா வீட்டுல மிச்சம் குவியுதே. அஞ்சு டிரமடால் வலி மாத்திரை கிடக்கு, தேதி முடிஞ்சது. குப்பையில போடலாமா?

வாணி_ஃபார்ம்டி | 2 நவம்பர், காலை 9.18
டிரமடாலைக் குப்பையில் போட வேண்டாம். 2025இல் வந்த மத்திய வழிகாட்டுதலில், வீட்டில் மிஞ்சினால் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றச் சொன்ன 17 மருந்துகளில் அதுவும் ஒன்று. டாபென்டடால், ஃபென்டனில், டயஸெபாமும் அதில் உண்டு. மற்ற மாத்திரைகளைக் கழிப்பறையில் போடாதீர்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, கவரில் கட்டிக் குப்பைக்கு. பெயர் ஒட்டிய லேபிளைக் கிழித்துவிடுங்கள்.